முப்பது பேரும் ஒரு டோக்கனும்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிட்டார்கள். திட்டி வைத்த பெயர் இல்லை, கண்ணுக்காக வைத்த பெயர். மூன்றாவது லைனின் கடைசி மேசையில் நின்று, தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்ப்பது அவள் வேலை. காலரில் ஒரு தையல் தாண்டியிருந்தாலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினெட்டு வருஷமாக அதே மேசை.

"ஆந்தைக்கா கண்ணுல மண்ணைத் தூவலாம்னு பார்த்தா, அந்த மண்ணுல எத்தனை கல்லு இருக்குன்னு எண்ணிச் சொல்லிடும்" என்பாள் ரேடியோ. ரேடியோ என்பது பட்டன் தைப்பவளின் பட்டப்பெயர். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் அவள் இடம் கொடுத்ததில்லை.

ஆந்தை ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுத்த படுக்கையானாள், கீழே இரண்டு தம்பிகள். அப்புறம் எங்கே படிப்பு? பேச்சும் குறைவு. வீட்டில் அவள் பேசாத பேச்சையெல்லாம் வேன் ஓட்டும் அவள் புருஷன் சேர்த்துப் பேசிவிடுவான். வாயை மூடிக்கொண்டிருப்பவளுக்குக் கண் ஓயாது. பஸ்ஸில், கடையில், மாடிப்படியில் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்ததை என்ன செய்வது? துணியில் தைத்தாள். வெட்டும் பிரிவில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டுப்போட்டுப் படமாக்குவாள். ஒழுகும் தாழ்வாரத்தில் குடை பிடித்தபடி சமைக்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு தலையணை உறையில் இருந்தாள். இன்னொன்றில் காலை ஆறேகால் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை.

"மத்தவன் வீட்டுத் தலையணையில ரோஜாப்பூ இருக்கு. நம்ம வீட்டுல பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டம். படுத்தாலும் நெரிசல்தான்" என்று புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அந்தத் தலையணையை வேறு யாருக்கும் தரமாட்டான்.

இந்த விஷயம் ரேடியோ வழியாக மேனேஜர் காதுக்குப் போனது. கம்பெனிக்கு இருபத்தைந்து வயது முடிந்திருந்தது. புதிதாகக் கட்டிய வரவேற்பறையில் பெரிய சுவர் ஒன்று வெறுமையாக இருந்தது. அடுத்த மாதம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள். மேனேஜர் ஆந்தையைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய காலண்டர் படம் ஒன்று தொங்கியது. தாமரைக் குளத்தங்கரையில் ஒரு ராணி, சுற்றிலும் நாலு தோழிகள்.

"இதைப் பாரும்மா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராணி. எங்க அப்பா வாங்கி வச்ச படம். இந்த அழகெல்லாம் இப்ப எங்க இருக்கு? இதையே பெரிசா துணியில பண்ணிக் குடு."

ஆந்தை படத்தைப் பார்த்தாள். வேலைக்குப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாக. ராணியின் கொண்டை உச்சியில் பானை கவிழ்த்த மாதிரி உயர்ந்து நின்றது. காதோரம் ஒரு சுருள் இழுத்துவிடப்பட்டிருந்தது. புருவம் நூல் கணக்கில் மெலிந்திருந்தது. இந்தக் கொண்டையை, இந்தச் சுருளை, இந்தப் புருவத்தை எங்கே பார்த்தோம்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெரியம்மாவின் கல்யாண போட்டோ. பெரியம்மாவும் அவள் தோழிகளும் அச்சு அசல் இப்படித்தான் நிற்பார்கள். ராணிக்கு ஆயிரம் வயதிருக்கலாம், வரைந்தவனுக்குப் பெரியம்மாவின் வயதுதான். தன் தெருவில் நடந்த பெண்களைப் பார்த்த கண்ணால்தான் அவன் ராணியையும் பார்த்திருக்கிறான். தலையில் ஒரு கிரீடத்தை வைத்துவிட்டால் தன் காலம் வெளியே தெரியாது என்று நினைத்திருப்பான், பாவம்.

"நான் ராணியைப் பார்த்ததில்லையே சார்" என்றாள்.

"பார்த்துத்தான் தைக்கணுமா?"

"எனக்கு அப்படித்தான் வரும்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "சரி, உன் இஷ்டம். பொண்ணுங்க இருக்கணும். அழகா இருக்கணும். சுவர் நிறையணும். அவ்வளவுதான்."

அந்தச் சிரிப்பில் வந்த அனுமதியை அவள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். மூன்றாவது லைனையே தைப்பது என்று முடிவு செய்தாள். அவளையும் சேர்த்து முப்பது பெண்கள், இருபத்தொன்பது மெஷின், ஒரு செக்கிங் மேசை. ஒரே ஒரு சட்டம் வைத்தாள்: அவரவர் உருவத்தை அவரவரே தைக்க வேண்டும். அடுத்தவர் முகத்தில் ஊசி வைக்கக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிய கையோடு எல்லோரும் துணியை எடுத்தார்கள். சட்டைக்குக் கை தைப்பவர்கள் தங்கள் கையைப் பெரிதாகத் தைத்தார்கள். வாசலோரம் உட்காருபவள் தன் வீங்கிய காலை மட்டும் நாலு நாள் தைத்தாள். மாஸ்க் போட்டிருப்பதால் எல்லோருக்கும் கண் மட்டும்தான் வெளியே. ரேடியோ தன் இடுப்பைப் பாதியாகக் குறைத்திருந்தாள்.

"ஏன்டி, இது யாரு?" என்று கேட்டாள் ஆந்தை.

"கல்யாணத்துக்கு முந்தின நான்."

"அப்ப நீ இந்த லைன்லயே இல்லையே! பிரிச்சுத் தை."

"ஆந்தைக்கா, இதுக்கும் அம்பு ஒட்டுவீங்களா?" என்று புலம்பிக்கொண்டே ரேடியோ இடுப்புக்கு இன்னொரு துண்டு சேர்த்தாள்.

ஆந்தை தன்னை எப்படித் தைப்பது என்று மூன்று நாள் யோசித்தாள். பிறகு தைத்தாள்.

அந்த லைனில் ஒரு டோக்கன் உண்டு. உள்ளங்கை அளவுள்ள மரப்பலகை, அதில் ஒரு கயிறு. முப்பது பேருக்கு அது ஒன்றுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள்தான் பாத்ரூம் போகலாம். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகு அடுத்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவசரச் சரக்கு ஒன்று போன நாளில் டோக்கன் ஆந்தையின் கைக்கு வரவே இல்லை. கேட்கக் கூச்சம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு நின்றாள். மறுநாள் குளிர்ஜுரம். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ஏன் இப்படி ஆனது என்று புருஷன் கேட்டதற்குக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது துணியில் திறந்தாள். படத்தின் நட்டநடுவில், பழுப்புத் துணியில் வெட்டிய பலகை கழுத்தில் ஆட, ஒருத்தி ஓடுகிறாள். மற்ற இருபத்தொன்பது ஜோடிக் கண்களும் அந்தப் பலகையையே பார்க்கின்றன. தைத்து முடித்து மேசைமேல் விரித்தபோது லைன் முழுக்க எழுந்து வந்து சுற்றி நின்றது. ரேடியோ அந்தப் பலகையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

மேனேஜர் வந்து பார்த்தார். பின்னால் சூப்பர்வைசர் நின்றார்.

"அடேயப்பா! பிரமாதம்! அதுவும் நடுவுல ஓடுற இந்தப் பொண்ணு, கழுத்துல பதக்கம்! என்ன ஒரு சந்தோஷம் பாருங்க. எல்லாரும் அந்தப் பதக்கத்தைத்தான் பார்க்கிறாங்க. வேலையில முதலா வந்தவளுக்குக் குடுத்த பதக்கம், இல்லையா?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கும் சத்தம் மட்டும் முப்பது மாஸ்க்குக்குள்ளும் கேட்டது. மேனேஜர் லைனுக்கு வருவதே வருஷத்தில் இரண்டு தடவை. டோக்கன் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சூப்பர்வைசர் அவர் காதோரம் குனிந்தார். மேனேஜரின் முகம் மெல்ல மெல்ல இறங்கியது.

"இதை எடுத்துடும்மா."

"எதை சார்?"

"அந்தப் பலகையை. இல்ல, அந்த ஆளையே எடுத்துடு. அந்த இடத்துல ஒரு பூச்செடி வை. மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு."

ஆந்தை துணியின் ஓரத்தை நீவிவிட்டாள். "எடுக்க முடியாது சார்."

"ஏன்?"

"அது நான்."

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "கலைன்னா நூறு வருஷம் நிக்கணும்மா. என் ரூம்ல இருக்கிற ராணியைப் பார்த்தியே, அதுல காலமே கிடையாது. நூறு வருஷம் கழிச்சு உன் படத்தைப் பார்க்கிறவனுக்கு இந்தப் பலகை என்னன்னே புரியாது."

"புரியலேன்னா கேப்பான் சார். கேக்கட்டும்." தன் குரல் இவ்வளவு தூரம் கேட்கும் என்று அவளுக்கே தெரியாது. "உங்க ராணிகிட்டயும் காலம் இருக்கு. அந்தக் கொண்டை எங்க பெரியம்மா கொண்டை. அந்தப் புருவம் எங்க பெரியம்மா புருவம். வரைஞ்சவருக்கே தெரியாம அவர் காலம் உள்ள வந்துடுச்சு. நான் தெரிஞ்சே வச்சிருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீ எடுக்கலேன்னா வேற ஆளை வச்சு எடுப்பேன்."

"அவங்கவங்க தச்சதை அவங்கவங்கதான் பிரிக்கணும். அதுதான் இங்க பேச்சு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

சூப்பர்வைசர் கேட்டுப் பார்த்தார். வீங்கிய கால்காரி தலையை ஆட்டினாள். அடுத்தவள் மெஷினுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தாள். ரேடியோவிடம் வந்தார்.

"நான் பிரிச்சா கிழிச்சுடுவேன் அண்ணே. என் இடுப்பையே ரெண்டு தடவை பிரிச்சவ நான். ராசி கிடையாது."

கடைசியில் சூப்பர்வைசர் தானே பிரிப்பூசியை எடுத்தார். பழுப்புத் துணியின் ஓரத்தில் அதை நுழைத்தபோது ஆந்தை மேசையைச் சுற்றி வந்து குறுக்கே நின்றாள்.

"கையை எடுங்க."

பதினெட்டு வருஷத்தில் அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் எடுத்தோம் என்பது அவருக்கே தெரிந்தது.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இது சுவருக்கு வேண்டாம். துணி கம்பெனித் துணி. வேஸ்ட் மூட்டையில போடு."

"நான் செக்கர் சார்" என்றாள் ஆந்தை. "பழுது இருந்தாத்தான் வேஸ்ட்ல போடலாம். இதுல எங்க பழுது இருக்குன்னு காட்டுங்க. அம்பு ஒட்டிட்டு நானே போடுறேன்."

அவர் பார்த்தார். தையலைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், நூல் முடிச்சைப் பார்த்தார். ஓரிடத்தில்கூட விரல் வைக்க முடியவில்லை. அவள் தேறிய சட்டையில் போடுகிற நீல முத்திரையை எடுத்து, தன் எண்ணோடு படத்தின் மூலையில் குத்தினாள். இரண்டு பேர் ஸ்டூலைப் போட்டு ஏறி, செக்கிங் மேசைக்குப் பின்னால் இருந்த சுவரில் அதை மாட்டினார்கள்.

"காலையில நான் வரும்போது இது இங்க இருக்கக் கூடாது. இருந்தா நீ இருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முந்தின ஆஸ்பத்திரியையும் சேர்த்து. புருஷன் அந்தப் பஸ் வரிசைத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "வேலை போனா போகட்டும். நீ எடுக்காதே" என்றான்.

"எடுக்கிறதா யாரு சொன்னா?"

மறுநாள் அதே ஆறேகால் பஸ். அதே மேசை. பத்து மணிக்கு மேனேஜர் வந்து, படத்துக்கு நேர் எதிரே நின்றார்.

"எடுக்கச் சொன்னேனே?"

"சொன்னீங்க சார். எடுக்கல."

ஒரு மெஷின் நின்றது. அடுத்தது நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை, கோஷம் போடவில்லை. மெஷின் மட்டும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்து, அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் கேட்டிராத அமைதி வந்தது. வெள்ளிக்கிழமை கப்பலேற வேண்டிய நாலாயிரம் சட்டை லைனில் பாதியில் கிடந்தது. மேனேஜர் சட்டைகளைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. யார் முகத்தில் பயம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வரவேற்பறைச் சுவருக்கு அந்த ராணியையே பெரிதாக அச்சடித்து மாட்டினார்கள். வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். மூன்றாவது லைன் பக்கம் அவர்களைக் கூட்டிவரவில்லை. அடுத்த மாதம் ஆந்தையைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பார்க்கிற வேலையிலிருந்து கட்டுகிற வேலைக்கு. இது தண்டனை என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். படத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தொட வந்த ஒருவனிடம், "தொட்டுப் பாருங்க தம்பி, தொட்டுத்தான் பாருங்களேன்" என்று ரேடியோ அன்போடு சொன்னதாகக் கேள்வி.

பேக்கிங் பிரிவில் முதல் நாள் ஆந்தை நின்றபடியே சுற்றிலும் பார்த்தாள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்கும் பதினான்கு பெண்கள். உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. அங்கே துண்டுத்துணி கிடையாது. கிழிந்த அட்டை நிறையக் கிடந்தது.