புகையிருந்த கடைசிப் பரண்

எழுபதுகளின் முடிவில் எங்கள் மலையூருக்கு அரசாங்கத் தொகுப்பு வீடுகள் வந்தன. பாதையோரம் ஒரே வரிசை. சிமென்ட் சுவர், காங்கிரீட் கூரை, நீல ஜன்னல். பழைய கூரை வீட்டைப் பிரித்துப் போட்டவர்களுக்குத்தான் சாவி. இனி ஒரு புல்கூரையும் புதிதாகப் போடக் கூடாது என்று உத்தரவு வேறு. ஜன்னல் வைத்த வீட்டில் படுக்கப்போகிறோம் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா மட்டும் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"பரண் எங்க?" என்றாள்.

பழைய வீட்டில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் இருந்தது. விதைக்கென்று எடுத்த துவரையும் மொச்சையும் கூடையில் அங்கேதான் இருக்கும். புகை பட்டுக்கொண்டே இருந்தால் வண்டு அண்டாது. புது வீட்டுக்குள் அடுப்பு மூட்டினால் கண் எரிந்து வெளியே ஓடிவர வேண்டியிருந்தது. அதனால் எல்லாரும் வாசலில் சமைத்தோம், விதையை மூலையில் வைத்தோம். முதல் வருஷமே கூடையைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் ஓட்டை. காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. சந்தைக்குச் சுமந்துபோகத் துவரை இல்லை. ஒசந்த வீடு, காலி வயிறு என்று அம்மா என் காதில் படும்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறு அறுவடையில் வரிசை முழுவதும் விதைக் கூடைகளோடு என் மாமா வீட்டுக்குப் போனது. மாமா அம்மாவின் தம்பி. அந்த வரிசையில் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. ஊரில் மிச்சமிருந்த ஒரே கூரை வீடு, ஒரே பரண், அவருடையதுதான். அத்தை கைக்குழந்தையோடு அதில்தான் இருந்தாள். புதுப் புல் போட உத்தரவில்லாததால் கூரை சல்லடையாகியிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்தாள். எங்கள் விதை நன்றாகக் காய்ந்து, நன்றாக முளைத்தது. நாங்கள் சந்தோஷமாக மறுபடியும் கூடைகளைக் கொண்டுபோய் ஏற்றினோம்.

பிறகு போளூரிலிருந்து ஒருவர் வந்தார். புது வீட்டால் எங்கள் பிழைப்பு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்க அரசாங்கம் அனுப்பிய ஆள். நல்ல மனுஷர்தான், நாங்கள் கொடுத்த கூழை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"முன்னைக்கு இப்ப வசதியா இருக்கீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"இருக்கோங்க."

குறை சொன்னால் மேற்கொண்டு வீடு கட்டமாட்டார்கள், தம்பிக்கு வீடு வராது என்று அவளுக்குப் பயம். ஊரே அதைத்தான் சொன்னது. பரண் இல்லாததைச் சொல்லிவிட எனக்கு நாக்கு அரித்தது. அம்மா ஒரு பார்வை பார்த்தாள், கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மாமாவுக்கு வீடு வந்தது. உடனே கூரையைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீடு வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்கள். விதைக்க இன்னும் நாள் கிடந்தது, அதுவரை விதை புகையில் இருந்தாக வேண்டும். ஊர் மாமா வாசலில் கூடி அம்மாவை முன்னே தள்ளியது.

"தம்பி, இந்த ஒரு மழை பொறுத்துக்கடா. வெதை போச்சின்னா நாங்க இன்னா பண்றது?"

அத்தை குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் அம்மாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"உங்க வெதை நனையக் கூடாதுன்னுதான் அண்ணி, இருந்த புல்லை எல்லாம் பரணுக்கு மேல போட்டோம். கொழந்த படுக்கிற பக்கம் போடறதுக்கு மிச்சமில்ல. இந்த மழையிலயும் நனையட்டுங்களா?"

யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா உள்ளே போய் எங்கள் கூடையை இறக்கி வாசலில் வைத்தாள். பிறகு கையை உயர்த்தி, கூரையின் முதல் பிடிப் புல்லைத் தானே பிடுங்கிப் போட்டாள்.