ஓட்டை விழுந்த கீரை

ஞாயிற்றுக்கிழமை என்றாலே சுலைஹாவுக்கு வயிற்றெரிச்சல். அன்று காலையில்தான் ஜார்ஜ் டவுனில் தெருவோர ஆர்கானிக் சந்தை கூடும். அங்கே அவளுடைய மேசைக்குப் பக்கத்து மேசை நிரோஷாவுடையது.

சும்மா சொல்லக்கூடாது, சுலைஹா பாடுபடத் தயங்குகிறவள் இல்லை. மாமனாரின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் இருபத்தைந்து வருடம் காய்கறி ஆய்ந்த கை அது. ஓர் இலையில் பூச்சி கடித்த தடம் இருந்தாலும் மாமனார் முழுக் கட்டையும் குப்பையில் வீசுவார். அந்தக் கடையை ஒரேயடியாக மூடிய பிறகு, கெப்பாலா பத்தாஸில் இருந்த குடும்ப நிலத்தில் கீரை போட்டாள். பூச்சிமருந்து கிடையாது, மாட்டுச் சாணமும் வேப்பெண்ணெயும்தான். அறுத்து, ஆய்ந்து, கழுவி, கடல் பாலத்தைத் தாண்டிச் சந்தைக்குக் கொண்டுவருவாள். கீரை பளபளவென்று இருக்கும். வாங்கத்தான் ஆள் இருக்காது.

"இவ்ளோ கிளீனா இருக்கே, மருந்து அடிச்சிருப்பாங்க லா" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டு நிரோஷாவிடம் போவார்கள். அங்கே இலைக்கு நாலு ஓட்டை. பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பெண், சட்டை கசங்காமல் நின்று கீரை விற்கிறாள். புழுவுக்குக்கூட அவளைத்தான் பிடித்திருக்கிறது! பத்து மணிக்கெல்லாம் அவள் மேசை காலியாகிவிடும். சுலைஹா வாடிய கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் ஹைருல் வந்தான். லிட்டில் இந்தியாவில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்திருப்பவன். "அடுத்த வாரம் யாராவது ஒருத்தர்கிட்ட முடிவு பண்ணிடுவேன். வருஷம் பூரா கீரை அவங்ககிட்டதான்" என்றான். அது சுலைஹாவுக்குக் கிடைத்தே ஆகவேண்டும். விற்காத கீரைக்கு எதற்கு நிலம், வேறு யாருக்காவது விட்டுவிடலாம் என்று மைத்துனர் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்.

இந்த ஞாயிறு சந்தைக்கு வந்ததும் கெரேத்தாவை ஓரமாக நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்தபடியே கட்டுகளைப் பிரித்தாள். கட்டைவிரல் நகத்தால் இலையைக் கிள்ளினாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணாடி வழியாக நிரோஷாவின் மேசை முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். வெட்கம் போன இடம் தெரியவில்லை. இலைக்கு ஆறு ஓட்டையாகக் கிள்ளித் தள்ளினாள்.

ஹைருல் வந்து ஓர் இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். "அக்கா, இது புழு கடிச்ச மாதிரி இல்லையே. ஓரமெல்லாம் இன்னும் காயாம பச்சையா இருக்கு."

சுலைஹா அவசர அவசரமாக மற்றக் கட்டுகளின்மேல் தண்ணீர் தெளித்தாள்.

நிரோஷா எட்டி அந்த இலையைப் பார்த்தாள். சுலைஹாவின் பச்சை படிந்த நகத்தையும் பார்த்தாள். "காலைல கடிச்சிருக்கும் லா தம்பி. அக்கா தோட்டத்துக்கு நான் போயிருக்கேன், சுத்தமான கீரை. நீங்க அவங்ககிட்டயே எடுங்க. எனக்கு வர்ற ஆளுங்களுக்கே கீரை பத்தல."

"நீங்களே சொல்றீங்கன்னா சரி" என்று ஹைருல் வாரத்துக்கு நாற்பது கட்டு பேசி முடித்துவிட்டுப் போனான்.

நிலம் தப்பியது. ஆனால் சுலைஹாவால் சந்தோஷப்பட முடியவில்லை. அவள் கீரைக்கு நிரோஷாவின் வாய்ச்சொல் அல்லவா வேண்டியிருந்தது!

"என் தோட்டத்துக்கு நீ எப்ப வந்த? எதுக்குப் பொய் சொன்ன?"

நிரோஷா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வேப்பெண்ணெய்தானே அடிக்கிறீங்க? நானும்தான். அப்புறம் புழு எங்கக்கா வரும்? ஆனா செடியில இருக்கும்போதே, முந்தின நாளே கிள்ளிடணும். ஓரம் காஞ்சு பழுப்பாயிடும், யாருக்கும் தெரியாது."

சுலைஹா நிரோஷாவின் கீரையில் ஒரு கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வோர் ஓட்டையும் புழுவே கடித்தது போலிருந்தது. இத்தனை மாதமாக இல்லாத புழுவுக்காகப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அந்தப் பொறாமை அந்த நிமிடமே போய்விட்டது. ஆனாலும் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. பாவி, கிள்ளுவதில்கூட முந்திவிட்டாளே!