தனசேகருக்குப் போன தோசை

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டல்களில் சாப்பாட்டை போட்டோ எடுப்பதைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா? தண்ணீர் லாரி வராத அன்றுகூட அந்த க்ரூப் இவ்வளவு சூடாகி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் கேட்டிருந்தால் இரண்டு கையையும் தூக்கி ‘தடை செய்’ என்றிருப்பேன். இந்தப் பத்தியிலேயே இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். தோசை ஆறிக்கொண்டிருக்கும். எதிர் மேஜைக்காரர் எழுந்து நின்று, தட்டை இப்படி நகர்த்தி, டம்ளரை அப்படி நகர்த்தி... பசிக்கிற மனிதன் செய்கிற காரியமா அது?

ஆனால் இந்த முறை என் விரல் எந்தப் பக்கமும் போகவில்லை. காரணம், என் சிநேகிதன் தனசேகர்.

தனசேகர் வாணியம்பாடிக்காரன். நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே பி.ஜி. விடுதியில் ஒரே அறையில் குடித்தனம் நடத்தியவர்கள். கல்யாணமான பிறகு அவன் வைட்ஃபீல்டு போனான், நான் மல்லேஸ்வரம் வந்தேன். இந்த ஊர் டிராஃபிக்கில் அது வேறு மாநிலம் மாதிரி. ஆனாலும் சனிக்கிழமை காலை டிபன் மட்டும் சேர்ந்துதான். மெட்ரோ வந்த பிறகு அவனுக்கு இன்னும் வசதி. மல்லேஸ்வரத்தில் எங்களுக்கென்று ஒரு ஓட்டல் உண்டு. வெண்ணெய் தோசைக்காகவே ஊரைக் கடந்து வருவான்.

போன வருஷம் அவன் குரல் கம்மியது. சளி என்று நினைத்தான். சளி இல்லை, தொண்டையில் கட்டி. சீக்கிரம் கண்டுபிடித்ததால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வாய் வழியாக ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. மூக்கில் ஒரு குழாய், அதில் கஞ்சியும் பாலும். பேச்சும் கிடையாது, போனில் டைப் அடித்துக் காட்டுவான். மறுபடி எப்போது சாப்பிடுவான் என்று கேட்டதற்கு டாக்டர், “பார்க்கலாம்” என்றார். டாக்டர்கள் சொல்கிற அந்த ‘பார்க்கலாம்’ இருக்கிறதே — அதற்குக் காலண்டரில் தேதியே கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். அவன் மனைவி கவிதாவும் மகளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் சாப்பிட்டார்கள். வாசனை வந்து அவனை வதைக்கக் கூடாதென்று கவிதா தாளிப்பதையே விட்டிருந்தாள். இதையெல்லாம் கவனிக்காதவனா அவன்? போனை எடுத்து டைப் அடித்து என்னிடம் நீட்டினான்.

‘எல்லாரும் என்கிட்ட சாப்பாட்டை மறைக்கிறாங்க. நீயாவது மறைக்காத. சனிக்கிழமை என்ன சாப்பிடுறியோ போட்டோ எடுத்து அனுப்பு.’

விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஓட்டலுக்குத் தனியாகப் போக மனம் வரவில்லை. வீட்டுப் பக்கத்தில் ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே இட்லி வடை வாங்கி, யாரும் பார்க்காதபோது ஒரு படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

‘என்னடா இது, பாஸ்போர்ட் போட்டோவா? சட்னியைக் காணோம். கிட்ட போ. ஆவி தெரியணும்.’

போனேன், கிட்ட. அடுத்தடுத்த வாரங்களில் ஆவி பறக்கும்போது, வடையைப் பிட்டு உள்பக்கம் தெரிகிற மாதிரி, கேசரி பாத்தில் நெய் மினுங்குகிற மாதிரி... எல்லாம் தேறிவிட்டேன். பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே தெரியும். வருஷக்கணக்காக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வைதான்.

பிறகு ஒருநாள் கவிதா போன் செய்தாள். குரலில் கோபம்.

“அண்ணா, அவரு அந்தப் படத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்காரு. கண்ணு கலங்குது. எதுக்குண்ணா இப்படி ஆசை காட்டுறீங்க?”

அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அந்தச் சனிக்கிழமை எதுவும் அனுப்பவில்லை. ‘பட்டினியா?’ என்று கேட்டு அனுப்பினான். கவிதா சொன்னதைச் சொல்லிவிட்டேன். விழுங்கப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற தெரபிஸ்ட் அம்மாவிடம் அவன் பஞ்சாயத்தைக் கொண்டுபோனானாம். ‘படத்தைப் பார்த்தா எச்சில் ஊறுது. ஊறினா முழுங்கித்தானே ஆகணும்?’ அந்த அம்மா சிரித்துவிட்டு, எச்சிலை விழுங்குவதும் பயிற்சிதான், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கவிதாவிடம் சொன்னாராம். அரை மனதோடு கவிதா சம்மதித்தாள். என் தொழில் மறுபடி தொடங்கியது.

நடுவில் ஒரு கெட்ட வாரம் வந்தது. விழுங்குகிறானா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். கொடுத்தது மூச்சுக்குழாய்ப் பக்கம் போனது. இன்னும் கொஞ்ச நாள் குழாய் இருக்கட்டும் என்றுவிட்டார்கள். அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. வெள்ளிக்கிழமை கவிதாவே கூப்பிட்டாள். இந்த முறை கோபம் இல்லை.

“யார்கிட்டயும் எதுவும் டைப் பண்ண மாட்டேங்கிறாருண்ணா. சுவத்தைப் பார்த்துட்டே படுத்திருக்காரு. நாளைக்கு ஏதாவது நல்லதா அனுப்புங்க.”

நல்லதாக என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாள் காலை எங்கள் பழைய ஓட்டலுக்கே போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு புதுப் பலகை. கன்னடத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை: தயவுசெய்து போட்டோ, வீடியோ எடுக்க வேண்டாம்.

கல்லாவில் நாகராஜ் இருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். என்ன சார் திடீரென்று இப்படி என்று கேட்டேன். சொன்னார். யாரோ ஒருவர் ரீல்ஸ் எடுத்திருக்கிறார். பின் மேஜையில் ஒரு பெண், ஏதோ துக்கத்தில், அழுதுகொண்டே சாப்பிட்டது அதில் விழுந்துவிட்டது. அதை ஊரே பார்த்து, யார் யாரோ என்னென்னவோ எழுதிவிட்டார்கள். அந்தப் பெண் திரும்ப வந்து நாகராஜிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம் — உங்கள் கடையில் ஒரு மனுஷி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாதா? மறுநாளே பலகை எழுதி மாட்டிவிட்டார்.

இதில் எந்த வார்த்தையை நான் மறுப்பது? போனைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டடி நடந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற தனசேகர் கண்ணுக்குள் வந்தான். திரும்பிப் போய் நாகராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவருக்கு விஷயமே தெரியாது. நாங்கள் வீடு மாறிப் போய்விட்டதாக நினைத்திருக்கிறார்.

“வெண்ணெய் ஜாஸ்தி கேட்பாரே... அவரா சார்?” என்றார். கல்லாவை விட்டு எழுந்தார். “டேபிள்ல வேணாம் சார். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான். நீங்க உள்ள வாங்க.”

உள்ளே என்றால் சமையல்கட்டு. தோசைக்கல் முன்னால் என்னை நிறுத்திவிட்டு, மாஸ்டரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, பேர் என்ன என்று மட்டும் கேட்டார். என் பேரை இல்லை, அவன் பேரை. பிறகு கல்லைத் துடைத்தார். மாவை ஊற்றினார்.

“போட்டோ வேணாம் சார், வீடியோவா எடுங்க. சத்தமும் கேக்கட்டும் அவருக்கு,” என்றார் நாகராஜ்.

எடுத்தேன். மாவு விழுந்ததும் வந்த அந்த ‘சொய்ங்’, ஓரம் சிவந்தது, மேலே வெண்ணெய் உருகி ஓடியது எல்லாம் அதில் விழுந்தது. திருப்பிப் போட்டுவிட்டு மாஸ்டர் நேராக என் போனைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

“தனசேகர் சார், இது உங்க தோசை. இன்னைக்கு ஃப்ரெண்ட் சாப்பிடட்டும். நீங்க வாங்க, வேற ஊத்தித் தர்றேன்.”

வீடியோவை அனுப்பிவிட்டு, அந்தத் தோசையை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி சாப்பிட்டிருப்பேன், போன் மினுங்கியது. அத்தனை நாளுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி.

‘வெண்ணெய் பத்தாது.’

கூடவே கவிதாவிடமிருந்து ஒன்று. தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாராம்.

சரி, தடை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றே சொல்வேன். அடுத்த மேஜைக்காரரின் முகம் நம் தோசைக்குத் தொட்டுக்கொள்வதற்கு இல்லை. ஆனால் பலகைக்குப் பக்கத்தில், காது கொடுத்துக் கேட்கிற ஒரு நாகராஜும் வேண்டும். வெறும் பலகைக்கு ‘கூடாது’ மட்டும்தான் சொல்லத் தெரியும். ‘உள்ள வாங்க’ என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. அவருக்கும், பேர் கேட்ட அந்த மாஸ்டருக்கும் நான் எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. இப்போதெல்லாம் காபியின் முதல் வாய் உள்ளே இறங்கும்போது ஒரு கணம் நிறுத்தி, தொண்டைக்கும் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். நீங்கள் என்றாவது சொன்னதுண்டா?

தோசை வீடியோ பார்த்து யாருக்கும் தொண்டை சரியாகாது, அது எனக்கும் தெரியும். சரியாக்கியது தெரபிஸ்ட் அம்மாவின் பயிற்சி, கவிதாவின் பொறுமை, அவனுடைய பிடிவாதம். அடுத்த சோதனையில் எல்லாம் சரியான பாதையில் இறங்கியது. குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள்.

நேற்று முன்தினம் ஆபீஸ் கேப்பில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல வண்டி நகரவில்லை. கவிதாவிடமிருந்து ஒரு படம் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், ஒரு ஸ்பூன். அடியில் ராகிக் கூழின் தடம். படம் சரியாகவே விழவில்லை. அவள் கட்டைவிரல் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, பக்கத்து சீட்காரர் என்ன சார், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். போனை அவர் பக்கம் திருப்பினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “காலிக் கிண்ணம்தானே சார்?” என்றார்.

விசேஷமே அதுதான்.