மீட்டர் பார்க்க வந்தவர் கீழே வைக்கச் சொன்ன சுத்தியல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மைசூரில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. மாற்றலாகி வந்து நான்கு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுச் சொந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தோம். முன்பக்கம் ஓடு. பின்பக்கம் சமையலறைக்கும் அதை ஒட்டிய அறைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சித்திரை வெயிலில் அந்தச் சமையலறையில் நின்றால் அடுப்பே வேண்டாம் போலிருக்கும்.

ஷீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாம் என்று முடிவானதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மொட்டை மாடி வரப்போகிறது. வடாம் காய வைக்கலாம். சாயங்காலம் ஏறி நின்றால் சாமுண்டி மலை தெரியும். ஒரு சனிக்கிழமை கணவர் லீவு போட்டார். தமிழ் பேசும் மார்டள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பதி காலையிலேயே வந்து ஏணியைச் சாத்தினார்கள்.

மொத்தம் பன்னிரண்டு ஷீட். அவற்றைச் சட்டத்தோடு பிடித்திருந்த கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. "கழட்டுனா சாயங்காலம் ஆயிருமுங்க, ஒடச்சே எறக்கிரலாம்" என்றார் அந்த ஆள். எங்களுக்கும் அவசரம். மேலேயிருந்து ஓர் அடி. முதல் ஷீட் தடாலென்று சமையலறைத் தரையில் விழுந்து, அது போன இடத்தில் வானம் தெரிந்தது. நான் கைதட்டினேன்.

விழுந்த துண்டுகளைப் பொடியாக்கிப் தளம் போடப்போகும் அறையின் தரைக்கு அடியில் நிரப்பலாம் என்பது கணவரின் யோசனை. நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சுத்தியலை எடுத்தேன். உடைப்பதில் அப்படி ஒரு ஆனந்தம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆறு வயது மகள் துண்டுகள் மேல் குதித்துக் குதித்து நொறுக்கினாள். வீடெல்லாம் சாம்பல் வெள்ளையில் புகை மாதிரி தூசி. அவள் அதை அள்ளிக் கன்னத்தில் பூசிக்கொண்டு, "அம்மா, பவுடர்" என்று காட்டினாள். நானும் சிரித்தேன். அதோடு நிற்கவில்லை. நைசாக இருந்த தூளைக் கூட்டி, பாத்திரம் துலக்க ஆகும் என்று ஒரு டப்பாவில் அடைத்து வைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

மூன்று ஷீட் உடைந்திருந்தபோது, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அம்மா, ஸ்வல்ப நிறுத்துங்க. அந்தச் சுத்திய கீழ வெச்சிட்டு, குழந்தையத் தூக்கிட்டு வெளிய வாங்க" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

பாம்பைத்தான் பார்த்துவிட்டாரோ என்று பயந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கணவரும் பின்னால் வந்தார்.

அவரும் அவருடைய அண்ணனும் வேறொரு ஊரில் ஷீட் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களாம். இவர் இரண்டு வருடத்தில் விட்டுவிட்டார். அண்ணன் விடவில்லை. இந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி நுரையீரலில் போய்க் குத்தி, அங்கேயே தங்கிவிடும் என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னாராம். இப்போது அண்ணனால் நாலு படி ஏற முடியவில்லை.

கணவர் நம்பவில்லை. "ஊர்ல பாதி வீட்டுக்கு இந்தக் கூரைதானே சார்?"

"கூரையா இருக்கற வரைக்கும் சும்மா இருக்கும். உடைச்சாத்தான் ஆபத்து."

ஏணியில் நின்றவர் கேட்டார், "நாங்க எத்தன ஊட்ல ஒடச்சிருக்கறமுங்க. ஒண்ணும் ஆவலையே?"

"எங்க அண்ணனும் பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாரு."

அந்த ஆள் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். அவர் மனைவி முந்தானையை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் பிறக்கிறது. மீட்டர்காரர் தெருவில் மிச்சமிருந்த வீடுகளைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். முதலில் தண்ணீர். குழாயில் காலையோடு தண்ணீர் நின்றுபோயிருந்தது. "ஏனாயித்து?" என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும், அவர் தெருவையே கூப்பிட்டுவிட்டார். குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. தூசி கிளம்பாமல் எல்லாவற்றையும் நனைத்தோம். துடைப்பத்தைத் தொடக்கூடாது என்றார். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, உடைந்த துண்டுகளோடு சாக்குகளில் அடைத்தோம். மகளுக்குப் பக்கத்து வீட்டில் தலையோடு குளியல். என் டப்பாவும் ஈரத்தோடு சாக்குக்குள் போனது.

அடுத்தது, மிச்சம் ஒன்பது ஷீட்டையும் முழுசாக இறக்குவது. ஷீட் மேல் கால் வைத்தால் உடைந்து ஆளோடு கீழே வரும் என்பதால் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் திருகினார்கள். ஷீட்டுக்கு இரண்டு கயிறு. மேலே மீட்டர்காரரும் அந்த ஆளும், கீழே தாங்கிப் பிடிக்க அந்த ஆளின் மனைவியும் என் கணவரும் நானும். ஒன்று முழுசாகத் தரை தொட்டதும் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தெருவே "ஒந்து" என்று எண்ணியது. எரடு. மூறு. எனக்குக் கன்னடத்தில் எண்ணத் தெரிந்ததே அன்றைக்குத்தான் உறுதியானது.

ஒன்பதாவது ஷீட்டில் ஏற்கெனவே ஒரு விரிசல். பாதி வழியில் ஒரு பக்கத்துக் கயிறு வழுக்கியது. ஷீட் சரிந்தது. அந்தப் பெண் ஓரடி முன்னே போய்த் தோளைக் கொடுத்துவிட்டாள். "மெதுவா வுடுங்க, மெதுவா" என்ற அவள் குரல் மட்டும் கேட்டது. விரிசல் விரிசலாகவே இருந்து, ஷீட் தரைக்கு வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் எழுந்த கைதட்டலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. அவள் தோளில் கன்றியிருந்த இடத்துக்கு நான் எண்ணெய் தடவினேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

முழு ஷீட்டுகளைத் தன் மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டார் பின்வீட்டுக்காரர். கணவருக்குக் கொடுத்துவிட ஆசை. நான் மீட்டர்காரரைப் பார்த்தேன்.

"வெட்டாம, துளை போடாம வெச்சா இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உடையற நாள்னு ஒண்ணு வரும். அன்னிக்கு அந்த வீட்டு வாசல்ல நான் நிப்பேனா, சொல்லுங்க" என்றார்.

கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று நமக்குத் தெரிந்ததை இன்னொருவர் தலைக்கு மேல் வைப்பதா? பின்வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாள் என்மேல் வருத்தம்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் குழி வெட்டத் தொடங்கியபோது சைக்கிளில் சொந்த மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு மீட்டர்காரர் மறுபடியும் வந்து நின்றார். இடுப்பளவு ஆழம் வெட்டி, ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, வாய் தைத்த சாக்குகளை அதன்மேல் அடுக்கி, நனைத்து, செம்மண்ணால் மூடினோம். "இதுமேல எதுவும் தோண்டாதீங்க" என்றார். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து மீட்டர் பார்க்க வேறொருவர் வந்தார். பழைய மீட்டர்காரரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்தத் தம்பதி அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஷீட்டை உடைக்க ஒப்புக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன். கணவர் ஓய்வு பெற்று அந்த வீட்டை விற்றபோது, கொல்லையில் எந்த இடத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று வாங்கியவரிடம் படம் போட்டுக் கொடுத்தோம். அந்த ஒரு காலை நேரத் தூசி எங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அது பல வருடம் கழித்துத்தான் தன்னைக் காட்டுமாம். இதுவரை எங்கள் மூவரின் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை.

இன்றைக்கும் எந்தத் தெருவிலாவது ஷீட் உடைக்கும் சத்தம் கேட்டால் நான் நின்றுவிடுகிறேன். முன்பின் தெரியாத வீடு, என்ன நினைப்பார்களோ என்று கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போவேன்; மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்த ஒருவர், அப்படிப் போகாமல் நின்றதால்தான் என் மகள் அந்தத் தூசியிலிருந்து வெளியே வந்தாள்.