அக்கா தைத்த மூளைச் செல்

என் அக்கா தையல்காரி. நாடகத்துக் கரடிக்குக்கூட கண்ணளவிலேயே உடுப்புத் தைத்துவிடுவாள். மூளைக்குள் இருப்பதற்கு மட்டும் அதுவரை தைத்ததில்லை.

அறிவியல் காட்சிக்கூடத்து டாக்டரம்மா, பிள்ளைகளுக்குப் போடும் நாடகத்துக்கு உடுப்புக் கேட்டுப் படங்களோடு வந்தார். மூளையின் மேலடுக்கில், அடுத்த செல்லை உசுப்பிவிடுகிற செல்களில் இரண்டு ரகம் வேண்டுமாம். பிரமிடு செல்லுக்கு உச்சியிலிருந்து நீளமாக ஒரு கிளை மேலே போகும். நட்சத்திர செல்லுக்கு அது கிடையாது. நாலாபக்கமும் குட்டைக் கிளைகள்தான். இரண்டின் கிளைகளிலும் பொடிப்பொடியாக முள்.

"வர்ற சேதியை நட்சத்திரம் வாங்கி அக்கம்பக்கத்துல சொல்லும். பெரிய பிரமிடு அதை ரொம்ப தூரத்துக்கு அனுப்பும்" என்றார்.

"எங்க மாமியார் வீட்டுல ரெண்டு ரகமும் இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. காட்சி நன்றாக அமைந்தால் வருஷம் முழுக்க அங்கே தைக்கும் வேலை அக்காவுக்கு. கடை முதலாளியின் வசவு கேட்காமல் வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொள்ளலாம்.

காட்சியன்று பிரமிடாக நடிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். உடுப்புகளை வேனில் கொண்டுவந்த அத்தானைப் பிடித்து அக்கா பிரமிடு உடுப்புக்குள் திணித்தாள். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில். நாலு பேர் பார்த்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நான் என்னடி பேசணும்?"

"நட்சத்திரம் உங்களைத் தொட்டு 'பந்து வருது'ன்னு சொல்லும். நீங்க கைக்கு 'பிடி'ன்னு கத்தணும். அவ்வளவுதான்."

மேடை வாசலில் உச்சிக் கிளை நிலைப்படியில் இடித்தது. உள்ளே பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். நீளமாக இருந்தால் வெட்டித்தானே பழக்கம்? அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஐயோ, வெட்டாதீங்க!" டாக்டரம்மா அலறினார். "அது போனா இதுவும் நட்சத்திரம் மாதிரி ஆயிடும். ரெண்டு ரகம் எங்க இருக்கும்?"

அக்கா கத்தரிக்கோலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்போது பிரமிடுக்குள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது.

"பீரோவை நிக்கவச்சா கொண்டுபோவாங்க? என்னைச் சாய்ச்சுத் தூக்குங்க!"

தலைப்பக்கம் டாக்டரம்மா, நடுவில் அக்கா, கால்பக்கம் நான். "இடது... கொஞ்சம் இடது... உரசாம!" என்று சரக்கே எங்களை அதட்டியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிமிர்த்தி வைத்தோம். நட்சத்திரம் தொட்டது.

"பந்து வருது!"

அத்தான் மரமாக நின்றார். அக்கா பின்னாலிருந்து ஊசியால் ஒரு குத்துக் குத்தினாள்.

"பிடி!"

கூரை அதிர்ந்தது. கையாக நடித்தவன் பந்தைப் பிடித்துவிட்டான், அத்தான் நிறுத்துவதாக இல்லை. "பிடி! பிடி!" பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

"வருஷம் முழுக்க நீங்கதான்!" என்று டாக்டரம்மா அந்தச் சத்தத்தில் அக்காவின் காதுக்குள் கத்தினார்.

அக்கா அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டாள்.

"நாளையிலேர்ந்து நான் வரலை சார்... என்னது? சத்தமா? எங்க வீட்டுக்காரர் சார்!"