ஸ்கேனில் தெரியாத வலி

தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு நெட்டை என்று பெயர். படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி மடிக்கும்போது தரையில் பட்டுவிட்டால் மறுபடி துவைக்கவேண்டும். நெட்டை பிடித்த விரிப்பு ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை. அதெல்லாம் மார்பில் புற்றுநோய் வருவதற்கு முன்பு.

மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். முடி திரும்ப முளைத்தது. "பொழைச்சு வந்துட்டே, அது போதும்" என்று எல்லோரும் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சொல்வதற்கென்ன, காசா பணமா! வலி மட்டும் போகவில்லை. வலது கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுக்கும். சட்டைத்துணி உரசினாலே தழும்பு எரியும். எடுத்துப்போட்ட மார்புகூட வலித்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

கணவர் நல்ல மனுஷர்தான். ஆனால் "வலிக்குது" என்றாலே பேயறைந்தது மாதிரி ஆகிவிடுவார். "திரும்ப வந்துடுச்சா?" என்பார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் சாப்பாட்டுத் தட்டு கை நழுவி விழுந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள்.

இன்று காலை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார்.

"அப்ப இந்த வலி, டாக்டர்?"

"நரம்பு வலிம்மா. சிலருக்கு அப்படித்தான் இருக்கும். போகப்போகப் பழகிடும்."

வாசலுக்கு வருவதற்குள் கணவர் அக்கா, தம்பி, மச்சான் எல்லோருக்கும் போன் போட்டு அழுதும் சிரித்தும் முடித்துவிட்டார். "இனிமே வலி கிலின்னு மனசப் போட்டு ஒழப்பிக்காதே" என்றார் அவளிடம். அவரைப் பொறுத்தவரை வலி அந்த வாசலோடு தீர்ந்துபோனது.

மதியம் வேலைக்கு வந்தாள். எதிர்முனையில் எப்போதும்போல ரேடியோ. வாய் ஓயாதவள், அதனால் அந்தப் பெயர்.

"அக்கா, நல்ல சேதியாமே! அண்ணன் எனக்கும் போன் பண்ணிட்டாரு. ஸ்வீட் எங்க?"

நெட்டை விரிப்பைத் தூக்கினாள். கை சுரீரென்றது. முனை நழுவித் தரையில் விழுந்தது.

"டாக்டர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் என்ன நெனச்சேன் தெரியுமாடி? ஏதாவது இருந்து தொலைக்கட்டும்னு நெனச்சேன். அப்பவாவது எனக்கு வலிக்குதுன்னு நம்புவாங்கல்ல."

சொல்லிவிட்டு, ரேடியோ வாயைக் கழுவச் சொல்லுவாள் என்று காத்திருந்தாள்.

ரேடியோ விழுந்ததைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டாள். அடுத்த விரிப்பை எடுத்து மேசைமேல் பரப்பினாள். மேசையில் மடித்தால் கையைத் தூக்கவேண்டியதில்லை; ஆனால் பாதி வேலைகூட ஓடாது, சூப்பர்வைசர் பார்த்தால் தொலைத்துவிடுவார்.

"எங்கெங்க வலிக்குது, சொல்லுக்கா" என்றாள்.

நெட்டை சொன்னாள். அக்குளைச் சொன்னாள், தழும்பைச் சொன்னாள். கடைசியில், இல்லாத மார்பு வலிப்பதையும் சொன்னாள். ரேடியோ சிரிக்கவில்லை.