வில்லியனூரில் நான் செய்த பால் வியாபாரம்

பிராந்திக் கடையில் வேலை செய்கிறவனுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள் கிடைப்பார்கள், பெண் மட்டும் கிடைக்காது. வேலையின் பெயரைச் சொன்னதும் பெண்வீட்டார் பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துப் போய்விடுகிற மாதிரி ஒரு பிழைப்பை நீங்களும் பார்த்திருந்தால், என் கஷ்டத்தை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

நான் சொல்வது எழுபதுகளின் நடுப்பகுதி. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, எங்கள் பக்கம் தாராளம். வில்லியனூரில் எங்கள் கடையில் காலை பதினொரு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். ஊற்றுவதும் கலக்குவதும் என் வேலை. நானோ ஒரு மடக்கு குடித்ததில்லை. பதம் பார்க்கக் கரண்டி நுனியில் நாக்கை வைப்பதோடு சரி. இதை லேசில் யாரும் நம்பியதில்லை, நீங்களும் சிரமப்படவேண்டாம். அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. ஆறு இடத்தில் பெண் பார்த்து, ஆறும் பஜ்ஜியோடு போயிருந்தது.

சொல்தாவின் ஞாபகம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். எங்கள் கடைக்கு வாடிக்கையாக வந்த சொல்தாவின் பெயர் சவரிமுத்து. எந்த நாட்டு முகாமிலோ, ஒரு பார்ட்டியில், அவருக்குச் சின்னக் கிளாசில் ஒரு கலவை கொடுத்தார்களாம். ஒரே மடக்கு. முதலில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகுமாம், தொண்டை தாண்டியதும் பீரங்கி வெடிக்குமாம். அதில் இரண்டு மூன்று சரக்கும் பாலேடும் இருந்தது என்பதற்கு மேல் அவருக்கு ஞாபகமில்லை. பீரங்கி வெடித்தபிறகு யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

அதைச் செய்து தரச் சொல்லி என் உயிரை எடுத்தார். பாலேடு போட்டேன், திட்டுத் திட்டாக மிதந்தது. டப்பாப் பால் போட்டேன், தித்திப்பு வந்தது, வழுவழுப்பு வரவில்லை. கடைசியில் தேங்காயைத் துருவி, தண்ணீர் படாமல் கெட்டியாகத் தலைப்பால் எடுத்தேன். இரண்டு பங்கு பிராந்தி, ஒரு பங்கு ரம், டப்பாப் பால் ஒரு கரண்டி, காப்பி டிகாக்‌ஷன் அரைக் கரண்டி. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டி, மேலே தலைப்பாலைக் கரண்டி முதுகில் மெல்ல வழியவிட்டேன். சவரிமுத்து ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டு கண்ணை மூடினார். எனக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து நிதானமாகச் சொன்னார்:

"இது அது இல்லப்பா. ஆனா இனிமே எனக்கு அது வேணாம்."

மதாமின் விசாரணை

அந்தக் கலவைக்குப் பால் என்று பெயர் வைத்தவரும் சொல்தாதான். காரணம், அவர் மனைவி ஞானம்மா. ஊரார் மதாம் என்று மரியாதையாகச் சொல்லும் அந்த அம்மாள், வேளைக்கு ஒரு கிளாஸ் பிராந்திதான் என்று சட்டம் போட்டிருந்தார். பாலுக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆகவே சொல்தா ஒரு பிராந்தியும் நாலு பாலும் குடித்துவிட்டு, வீட்டில் உள்ளபடியே கணக்கு ஒப்பித்துவந்தார். மற்ற வாடிக்கைக்காரர்களும் இந்தச் சௌகரியத்தைப் பார்த்து, நமக்கும் ஒரு பால் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் மதாமே கடை வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கவில்லை. படியேறவும் இல்லை. நான் ஈரக் கையோடு வெளியே ஓடினேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வூட்ல பால் குடுத்தா வாந்தி வருதுன்றாரு. ஒங்க கடையில மட்டும் நாலு கிளாஸ் குடிக்கறாரே, இன்னா மாடுப்பா வச்சிருக்கீங்க?"

பாகூரில் திரிந்தது

பால் புகழ் பரவி, விசேஷ வீடுகளில் கலக்கிக்கொடுக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பாகூரில் ஒரு பெரிய கரும்புக்காரர் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். நாற்பது பேருக்குப் பால். பித்தளை அண்டாவில் கலந்து மூடிவைத்துவிட்டு, உமியில் புதைத்திருந்த ஐஸ் கட்டியை உடைக்கப் பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் வீட்டுக்காரரின் மைத்துனர், உடம்புக்குக் குளிர்ச்சி என்று நல்லெண்ணத்தோடு ஆறு எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டிருந்தார். விசேஷ வீட்டில் பரிமாறியவர்களுக்குத் தெரியும், நம்மைக் கவிழ்ப்பதெல்லாம் இந்த நல்லெண்ணக்காரர்கள்தான்.

அண்டாவில் கட்டி கட்டியாகத் தயிர். கூடத்தில் நாற்பது பேர். கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். கட்டியெல்லாம் துணியில் தங்கிவிட, தெளிவாகத் தேன் நிறத்தில் ஒன்று இறங்கியது. கூசாமல், இது வேறு வகை என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் சுற்றும் கேட்டார்கள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்ட நேரத்தில்தான், பிசுபிசுவென்று சொட்டிக்கொண்டிருந்த அந்தத் துணியை வீட்டுக்காரர் கையில் எடுத்து, சரிகைக் கரையைத் தடவிப் பார்த்தார்.

"மோரு நல்லாத்தாம்பா இருக்குது. நல்ல நேரம் வந்திடுச்சே, நான் இன்னாத்த கட்டிக்கினு சபையில ஒக்கார்றது?"

ஏழாவது இடம்

கரியமாணிக்கத்தில் நடேசன் என்ற கரும்பு விவசாயியின் மகள் சரோஜா. தரகர் ஏழுமலை என்னை முந்திக்கொண்டு, மாப்பிள்ளைக்கு வில்லியனூரில் பால் வியாபாரம் என்று சொல்லிவைத்துவிட்டார். எனக்கு அது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். தினம் எத்தனை லிட்டர் ஓடும் என்று நடேசன் கேட்டார். நாலைந்து லிட்டர் ஓடும், ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஓடும் என்றேன். அத்தனையும் சத்தியம்.

சரோஜா வந்து நின்றாள். தலையைக் குனியவில்லை. பஜ்ஜித் தட்டை என் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தாள். ஆறு இடத்தில் தட்டு விலகிப் போனதையே பார்த்தவன் நான். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்த நிமிஷத்திலிருந்து பயமும் பிடித்துக்கொண்டது. விஷயம் தெரிந்தால் இதுவும் போய்விடுமே. திரும்பி வரும் வழியில் தரகரோடு சண்டைக்குப் போனேன். அவர் சைக்கிளை நிறுத்தாமலே பதில் சொன்னார்:

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? நீ கலக்கறதுக்குப் பேரு பாலுதான?"

மாமனார் வருகை

அடுத்த வாரமே நடேசன் சொல்லாமல் கொள்ளாமல் வில்லியனூரில் வந்து இறங்கினார். பால் கடை எங்கே என்று விசாரித்திருக்கிறார். ஊரே ஒரே பக்கம் கையைக் காட்டியிருக்கிறது. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முதலாளி என்ன வேண்டும் என்று கேட்க, பால் என்றார். நான் பின்வாசல் வழியாக டீக்கடைக்கு ஓடி, பசும்பாலைக் காய்ச்சி வாங்கிவந்து, அந்தச் சின்னக் கிளாசிலேயே ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னார்:

"மாப்ள, நெசப் பால குடுத்து என்னை ஏமாத்தப் பாக்கறீங்களா?"

தேரடியில்

அன்று அவர் மூன்று பால் குடித்தார். நான்தான் கொடுத்தேன், சந்தோஷமாகவே கொடுத்தேன். மாமனார் சம்மதம் இத்தனை சுலபமா என்று விசில் அடித்துக்கொண்டு கிளாஸ் கழுவினேன்.

வில்லியனூர்த் தேருக்குச் சரோஜா தன் சித்தியோடு வந்திருந்தாள். வளையல் கடையருகே என்னைக் கண்டதும், சித்தியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நேரே வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாய்க்காலில் விழுந்துவிட்டாராம். அவளும் அம்மாவும் தெரு பார்க்க அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். இது முதல் தடவையும் இல்லையாம். நீங்கள் குடிப்பீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன், கரண்டி நுனி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அப்பாவுக்கு எத்தனை கொடுத்தீர்கள் என்று கேட்டாள். மூன்று என்று சொல்லும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. அவள் குரல் ஏறவே இல்லை.

"நீங்க குடிக்கமாட்டீங்கன்றத நான் நம்பறேன். குடிக்கறவருக்கு இல்லன்னு சொல்ல ஒங்களுக்குத் தெரியுமா?"

ஆவி பறந்த கிளாஸ்

இரண்டு வாரம் கழித்து நடேசன் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஒரு பால், மாப்ள என்றார். நான் மறுபடி டீக்கடைக்குப் போய்ப் பசும்பால் வாங்கிவந்தேன். ஆவியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கிளாசைத் தள்ளினார். இதுதான் மரியாதை என்றால் பெண் கிடையாது என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். பெண் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தக் கடையில் அவருக்கு இதுதான் என்று சொல்லிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் தகவல் இல்லை. ஏழாவதும் போயிற்று என்றே முடிவு கட்டினேன். துக்கத்தில் சொல்தாவுக்கு இரண்டு தடவை ரம் போட மறந்து கொடுத்தேன். பிறகு ஒரு புதன்கிழமை காலையில், தரகர் முன்னால் வர, நடேசன் வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினார். வில்லியனூர்க்காரர்தான் வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம், ஒரு மாதமாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லையாம். தட்டை நீட்டும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"உயிரோட இருக்கும்போதே எனக்குப் பால் ஊத்தறதுக்கு ஒரு மாப்ளய புடிச்சிட்டாய்யா எம் பொண்ணு."

அந்தக் கடையில் பதினொரு வருஷம் ஊருக்கெல்லாம் பொய்ப் பால் கொடுத்து நல்ல பேர் எடுத்த நான், நிஜப் பால் கொடுத்தது ஒரே ஒருவருக்குத்தான், அவர்தான் கடைசிவரை என்னை மோசக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.